பறிமுதல் மகஜர்

எழுத வேண்டியது நான்தான்.
ஸ்டேஷன் ரைட்டருக்கு வேறென்ன வேலை.
திருட்டு பல்சர், மணல் ஏற்றிய மாட்டுவண்டி,
ஐந்து லிட்டர் கேனில் சாராயம்,
எல்லாவற்றுக்கும் கைவசம் வாசகம் உண்டு.
இதற்கு இல்லை.

இடம்: வேலூர், காகிதப்பட்டறை, பழைய பீடி கம்பெனிக் கூடத்தில்
நடந்துகொண்டிருந்த கண்காட்சி.
நேரம்: மாலை ஆறு பத்து.
பொருள்:
பொருள் என்று போட்டுவிட்டுப் பேனாவை எடுத்துவிட்டேன்.

பெண் மாதிரி ஒன்று. மல்லாந்து கிடக்கிறது.
பதினோரு அடி.
பாதி பதப்பட்ட தோல், நீலம் ஏறியது, ஏறாதது,
தொழிற்சாலை கழித்துப் போட்ட துண்டுகள்
செருப்புத் தைக்கிற நூலால் ஒட்டுப்போட்டு.
வயிறு இருக்க வேண்டிய இடத்தில் குழி.
குழிக்குள் ஒரு ஜேசிபி பல்.
தலைமாட்டில் அட்டை:
‘பாலாறு. வயது தெரியவில்லை.’

புகார் மூன்று.
அம்மணமாக இருக்கிறது என்று ஒன்று.
ஆறு எங்களுக்குத் தாய், தாயை இப்படியா காட்டுவது என்று ஒன்று.
மூன்றாவது லெட்டர்ஹெட்டில், வழுவழு தாளில்:
ஏற்றுமதிக்குக் கெட்ட பெயர்.
மூன்று பேரும் ஒரே பேனாவில் கையெழுத்துப் போட்டார்கள்.
என் பேனா. திரும்பி வரவில்லை.

செய்தவள் பேரணாம்பட்டு மதுரவல்லி.
கத்துவாள் என்று இரண்டு பெண் போலீசைக் கூட்டிப் போனோம்.
“தூக்கும்போது இடுப்பைப் பிடிங்க சார்,
கழுத்து பிரிஞ்சுடும்” என்றாள்.
நான் சார் இல்லை. காக்கிக்குள் இருக்கிற யாரும்
அவளுக்குச் சார்தான் போல.
இடுப்பைப் பிடித்தேன்.

மேல துணி இருந்துச்சா இல்லையான்னு தெளிவா எழுதும்மா,
கேஸே அதுதான், என்றார் இன்ஸ்பெக்டர்.
எழுதினேன்.
உடை: இல்லை.
கை நிற்கவில்லை.
மணல்: இல்லை.
தண்ணீர்: இல்லை.

அடி அதை, என்றார்.
மகஜரில் அடித்தால் ஒவ்வொரு அடித்தலுக்கும்
சாட்சிகள் சுருக்கொப்பம் இட வேண்டும்.
சாட்சி டீக்கடை கோதண்டன்
எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு
“சரியாத்தானேக்கா இருக்கு” என்றான்.

இந்த ஊரைப் பற்றி ஒரு பழைய கேலி:
தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை,
சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை,
அதிகாரமில்லாத போலீசு.
சாமி பிறகு வந்துவிட்டார்.
போலீசுக்கும் வந்துவிட்டது, பாருங்கள்,
ஒரு ஆற்றையே நாலு பேர் சேர்ந்து
டாட்டா ஏசில் ஏற்றிக் கொண்டுவந்து
சொத்து அறையில் போட்டுப் பூட்டினோம்.

கத்திரி வெயில். தகரக் கூரை.
மூன்றாம் நாள் கிளம்பியது நாற்றம்.
முதலில் வரவேற்பு மேசைக்கு, பிறகு லாக்கப்புக்கு,
பிறகு இன்ஸ்பெக்டரின் தயிர்சாதத்துக்கு.
செயின் அறுந்து அழுதபடி வந்த பெண்கூட
அழுகையை நிறுத்தி
என்னங்க நாத்தம் என்று கேட்டாள்.
பாலாறு, என்றேன்.
வேறென்ன சொல்ல. பதிவேட்டில் பெயர் அதுதான்.

பீடி கம்பெனிக் கூடத்துக்கு மொத்தம் வந்தவர்கள் நாற்பத்தேழு.
வருகை நோட்டையும் பறிமுதல் செய்ததால் தெரியும்.
ஸ்டேஷனுக்கு ஒரு நாளைக்கு அறுபது பேர் வருகிறார்கள்.

நேற்று இரவு டியூட்டி.
மூடி வை என்று சொல்லியிருந்தார்.
அந்த அறையில் இருந்த துணி,
தேர்தலில் பிடித்த இலவசச் சேலை ஒரு மூட்டை.
ஒன்றை எடுத்துப் பிரித்தேன். ஏழு அடிக்குமேல் எட்டவில்லை.
இன்னொன்றைப் பிரிக்கும்போது மழை.
தூறல்தான், வெயிலுக்கு வருகிற அந்த அவசர மழை.
தகரத்தில் எப்போதோ விழுந்த ஓட்டை வழியாக
சரியாக வயிற்றில் சொட்டியது.

காலையில் போய்ப் பார்த்தேன்.
ஜேசிபி பல் பாதி முழுகியிருக்கிறது.
ஒரு சொம்பு இருக்கும்.
பொருளின் நிலையில் மாற்றம் ஏற்பட்டால்
கோர்ட்டுக்குத் தெரிவிக்க வேண்டும், அது விதி.
தண்ணீர் என்று எழுதி
இரண்டு புள்ளி வைத்துவிட்டு
உட்கார்ந்திருக்கிறேன்.